நூறு காட்டுது சார்!

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ட்ரோனுக்கும் ஆடியில் லீவு என்பதும், அந்த லீவில்தான் அதற்கு உடம்பு கெடுகிறது என்பதும் எனக்குப் போன ஆவணியில்தான் தெரிந்தது.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம். சென்னையில் நாலு மண்டபத்தில் வாடகை விசாரித்துவிட்டு, 'இந்தக் காசுக்கு நாமளே ஒரு மண்டபம் கட்டிடலாம்டா' என்று சொல்லி, மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த நிலத்திலேயே பந்தல் போட்டுவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, ஞாயிறு காலை முகூர்த்தம். நான் பத்திரிகைக்காரன் என்பதால் போட்டோ, வீடியோ டிபார்ட்மென்ட் என் தலையில் விழுந்தது. 'நான் எழுதுகிறவன், படம் எடுக்கிறவன் இல்லை' என்று சொன்னால் சொந்தக்காரர்களுக்கு எங்கே புரிகிறது?

அண்ணன் போட்டது ஒரே ஒரு கண்டிஷன். ''மேலேர்ந்து எடுப்பாங்களே, அது வேணும். மாப்பிள்ளை வர்றப்ப, மேளத்தோட எல்லாரும் நடந்து வர்றப்ப, அப்படியே தலைக்கு மேலேர்ந்து!''

சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், இரண்டாவது மாடியில் ஒரு தம்பி இருக்கிறான். இருபத்தாறு வயசு. காதுகுத்திலிருந்து சதாபிஷேகம் வரை எல்லாம் எடுப்பான். சொந்தமாக ட்ரோன் உண்டு. அம்மாவின் வளையலை வைத்து வாங்கியது. வளையல் இன்னும் மீண்டு வரவில்லை. முறையாக வகுப்புக்குப் போய், ஓட்டுவதற்கான சர்டிஃபிகேட்டும் வாங்கி வைத்திருக்கிறான்.

மயிலாப்பூரில் குடியிருந்தாலும் மயிலாப்பூரில் அதை நினைத்தபோது பறக்கவிட முடியாது. 2021-ல் வந்த ட்ரோன் விதிகள் நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பாகம் பிரித்திருக்கின்றன. விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோ மீட்டர் வரை கெடுபிடி. போதாக்குறைக்கு, யாராவது பெரிய தலைவர் வந்தால் போலீஸ் தடை. ''மெட்ராஸ்ல ட்ரோன் விடறதைவிட மெட்ராஸ்ல வீடு வாங்கறது ஈஸி சார்'' என்பான். அண்ணனின் ஊரைச் சொன்னதும் வரைபடத்தைப் பார்த்து, ''பச்சை சார், 400 அடி வரைக்கும் போலாம்'' என்றான். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, மறுநாள் வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வரலாமே என்று அவன் அறைக்குப் போனேன். மேஜை மேல் ட்ரோன், இறக்கைகளைக் கழற்றிவிட்டு, ஆபரேஷனுக்குப் படுக்கவைத்த மாதிரி. பக்கத்தில் டேபிள் ஃபேன் அதன் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பிக்குக் காற்று இல்லை.

''என்னப்பா இது?''

''ஃபர்ம்வேர் அப்டேட் சார். போடாம எடுக்க முடியாது.''

உங்களில் பலருக்கு என்னைப் போலவே இந்த வார்த்தை காதில் விழுந்திருக்கும், மனசில் விழுந்திருக்காது. ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் ஒரு சமாசாரம் இருக்கிறது, அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று 1967-ல் ஆஷர் ஓப்ளர் என்பவர் வைத்த பெயர் அது. மயிலாப்பூர் பாஷையில் சொன்னால், ஹார்டுவேர் என்பது வீடு. சாஃப்ட்வேர் என்பது வந்து போகும் குடித்தனக்காரர். ஃபர்ம்வேர் என்பது சுவருக்குள்ளே ஓடுகிற ஒயரிங். கண்ணுக்குத் தெரியாது, கெட்டால் வீடே இருட்டு.

ட்ரோனுக்கு ஒரு ஃபர்ம்வேர். கையில் வைத்து ஓட்டும் ரிமோட்டுக்கு ஒன்று. ''அப்புறம் பாட்டரிக்கு ஒண்ணு சார்'' என்றான்.

''பாட்டரிக்குமா?''

''பாட்டரிக்குள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கு சார். எவ்வளவு கரன்ட் மிச்சம்னு கணக்கு எழுதற கணக்குப் பிள்ளை.''

அவனிடம் மூன்று பாட்டரிகள். அடையாளத்துக்கு வெள்ளை மார்க்கரால் ஒன்றில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. மூன்றாவது, பட்டையாக விபூதி பூசின மாதிரி பார்க்கவே பக்தியாக இருந்தது. ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அப்டேட் செய்ய வேண்டும். பாதிக்கு மேல் சார்ஜ் இருக்க வேண்டும். நடுவில் அணைந்தால் போச்சு, அம்மாவின் வளையல் வெறும் பிளாஸ்டிக் கட்டியாகிவிடும். 'கல்யாணத்தன்னிக்குக் காலையில அப்டேட் போடறவன் முட்டாள்' என்பது அவன் தொழிலின் முதல் பாடமாம்.

மூன்றும் முடிந்தது. மூன்றிலும் நூறு சதவிகிதம் சார்ஜ் ஏற்றினான். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. ''அப்ப நாளைக்கு ரெண்டு மணிக்கு வண்டி'' என்று எழுந்தேன்.

''இல்ல சார். இனிமேதான் வேலையே. ஆடி முழுக்க ஃபுல் சார்ஜ்ல அப்படியே கிடந்துடுச்சு. என் தப்புதான். பாதி சார்ஜ்ல வெச்சிருக்கணும். இப்ப முழுசா வடிச்சு, ஆறவிட்டு, திரும்ப ஏத்தணும். கேலிபரேஷன்.''

''அதான் நூறு காட்டுதே!''

''காட்டுது சார். காட்டறது வேற, இருக்கறது வேற.''

ஏதோ சித்தர் வாக்கு மாதிரி இருந்தது. ஆனால், அதற்கு அவன் சொன்ன விளக்கம் சுத்தமான பி.காம். நானும் பி.காம். என்பதால் அதை உங்களுக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டு.

ட்ரோனில் இருப்பது லித்தியம் பாலிமர் பாட்டரி. ஒரு செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட ஆரம்பிக்கும். இந்த இரண்டு எல்லைகளும் பளிச்சென்று தெரியும். சிக்கல் நடுவில்தான். அங்கே வோல்டேஜ் பெரிதாக இறங்காமல் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிற்கும். எழுபதா, நாற்பதா என்று வோல்டேஜை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். அதனால் உள்ளே இருக்கும் கணக்குப் பிள்ளை வேறு வழி செய்கிறார். உள்ளே எவ்வளவு வந்தது, வெளியே எவ்வளவு போனது என்று வரவு செலவு எழுதுகிறார். நீங்கள் திரையில் பார்க்கும் சதவிகிதம் அளந்து பார்த்த அளவு அல்ல, எழுதிப் பார்த்த கணக்கு.

எழுதின கணக்கில் தப்பு வரும். சும்மா கிடக்கும்போதே கொஞ்சம் கசியும். ஒவ்வொரு பறத்தலிலும் துளித்துளியாகப் பிசகு சேரும். எல்லாவற்றுக்கும் மேலே, பாட்டரிக்கு வயசாக ஆக அதன் கொள்ளளவே சுருங்கும். ஒரு படி அரிசி பிடித்த பானை முக்கால் படியாகிவிட்டது, ஆனால் கணக்குப் பிள்ளை இன்னும் ஒரு படி என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்!

காலேஜில் 'பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்' என்று ஒன்று படித்தோம். நம் கேஷ் புக்கில் வங்கி இருப்பு பத்தாயிரம் என்று இருக்கும். பாஸ் புக்கில் பார்த்தால் எட்டாயிரத்துச் சொச்சம். யாரும் திருடவில்லை. நாம் போட்ட செக் இன்னும் பாஸாகியிருக்காது, பேங்க் பிடித்த கமிஷன் நமக்குத் தெரிந்திருக்காது. அவ்வப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்யாவிட்டால், ஒரு நாள் செக் திரும்பி வரும். கேலிபரேஷன் என்பது அதுதான். முழுக்க நிரப்பி, அப்புறம் கீழ் எல்லை வரை வடித்து, இரண்டு எல்லைகளையும் கணக்குப் பிள்ளைக்குக் கண்ணால் காட்டுவது. 'பாருய்யா, இதுதான் நிறைவு, இதுதான் காலி. திருத்தி எழுது!'

இதை வாரா வாரம் செய்யக் கூடாது. அடியோடு வடிப்பதே பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். சில மாடல்களுக்கு இத்தனை தடவைக்கு ஒரு முறை என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் சிப்பே தன்னைத் திருத்திக்கொள்ளும். கையேட்டைப் படிக்க வேண்டும். நாம்தான் பெட்டியைப் பிரித்ததும் முதலில் அதைத் தூக்கிப் போடுகிறவர்கள் ஆயிற்றே.

''சரிப்பா, தப்பாக் காட்டினா என்ன? பத்து நிமிஷம் கொறைச்சலா பறக்கும். அவ்வளவுதானே?''

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு கதைகள் சொன்னான். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன், இரண்டும் நிஜம்.

2017-ல் டி.ஜே.ஐ. என்ற சீன கம்பெனி ஸ்பார்க் என்று ஒரு குட்டி ட்ரோன் விட்டது. 300 கிராம். கொஞ்ச நாளிலேயே, பறந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்று சில ட்ரோன்கள் பொத்தென்று விழுந்ததாகப் புகார்கள். ஆகஸ்டில் கம்பெனி ஒரு ஃபர்ம்வேர் கொடுத்து, செப்டம்பர் 1-க்குள் போடாவிட்டால் ட்ரோன் கிளம்பவே கிளம்பாது என்று அறிவித்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் அதைவிடப் பெரிய வண்டி. மேட்ரிஸ் 200 வரிசை, பிரிட்டனில் போலீஸும் தீயணைப்புத் துறையும் உபயோகித்தது. 'இன்னும் பறக்க நேரம் இருக்கிறது' என்று திரை காட்டிக்கொண்டிருந்தபோதே சில ட்ரோன்கள் நடுவானில் செத்துப்போயின. அந்த ஊர் விமானப் போக்குவரத்து ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டு, அவற்றை ஆட்களின் தலைக்கு மேல் பறக்கவிடக் கூடாது என்றது. கம்பெனி புது ஃபர்ம்வேர் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

ட்ரோனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று, எரிபொருள் மீட்டர் வேலை செய்யாமல், கையால் கணக்குப் போட்டுக் கிளம்பியது. கணக்கில் கிலோவுக்குப் பதில் பவுண்டு நுழைந்துவிட்டது. 41,000 அடியில் எரிபொருள் காலி. விமானிகள் அதைச் சும்மா மிதக்கவிட்டே கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறக்கினார்கள். உள்ளே 69 பேர், அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவ்வளவு பெரிய விமானத்தைக் கவிழ்க்கப் பார்த்ததும் எழுதின கணக்குதான்.

எங்கப்பாவின் பஜாஜ் சேத்தக்கில் பெட்ரோல் காட்டும் முள் கிடையாது. வண்டியை ஆட்டி, டாங்க்கில் சளக் சளக் சத்தம் கேட்டுத்தான் முடிவு செய்வார். லஸ் கார்னரில் நின்றுபோனால் ஒரு பக்கமாகச் சாய்த்து, ரிசர்வில் போட்டு, பெட்ரோல் பங்க் வரை வந்துவிடலாம். முள் இல்லாததால் அவருக்கு எப்போதும் சந்தேகம் இருந்தது. முள் வந்தது, சந்தேகம் போயிற்று. ட்ரோனை ஆகாயத்தில் சாய்த்துப் பார்க்க முடியாது.

இதெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே 'ரெண்டு கோடு' மேஜை மேல் வடிந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடவில்லை, விளக்கும் கேமராவும் மட்டும். 61… 52… 45… எனக்கு அலுத்துப்போய் செல்போனைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது திரையில் 38.

அடுத்த நொடி விளக்கு அணைந்தது. 37 இல்லை, 36 இல்லை. 38-லிருந்து நேராக இருட்டு.

தம்பி ஒன்றும் சொல்லாமல் கடைசிப் பதிவை எடுத்துக் காட்டினான். உள்ளே மூன்று செல்கள், சங்கிலி மாதிரி. இரண்டு செல்கள் 3.7 வோல்ட்டில் திடமாக நின்றன. மூன்றாவது 3-க்கும் கீழே. சங்கிலியின் பலம் அதன் நோஞ்சான் கண்ணியின் பலம்தானே? கணக்குப் பிள்ளை மொத்தத்தைப் பார்த்து 38 என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ''சும்மா உக்காந்திருக்கும்போதே இப்படி. பறக்கும்போது மோட்டார் நாலும் இழுக்கும் சார், இன்னும் முன்னாடியே போயிருக்கும்'' என்றான்.

எனக்கு வயிறு கலங்கியது. முக்கால் கிலோ ட்ரோன், அதாவது உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் கனம். 30 மீட்டரிலிருந்து விழுந்தால், காற்றுத் தடையை விட்டுவிட்டால், தரைக்கு வர இரண்டரை விநாடி. அப்போது வேகம் மணிக்கு 85 கிலோ மீட்டருக்கு மேல். கீழே யார் யார் இருந்திருப்பார்கள்? நாதஸ்வரத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகும் வாண்டுகள். கைத்தடியோடு, 81 வயசுப் பெரியம்மா. என் மகள்.

''ரெண்டு கோடு ரிட்டையர் சார். மத்த ரெண்டையும் ராத்திரி பூரா வடிச்சு ஏத்தறேன். ஒழுங்கா வந்தா, ஞாயித்துக்கெழம காலைல ஏரி, வயல், பந்தல் எடுக்கலாம். மாப்பிள்ளை அழைப்பு வேணாம். ஜனங்க தலைக்கு மேல வேணாம்.'' இப்படிச் சொல்லிவிட்டு, டிராயரைத் திறந்து நாலாயிரம் ரூபாயை எண்ணி என் கையில் கொடுத்தான். மேலிருந்து எடுப்பதற்காக நான் கொடுத்த அட்வான்ஸ்.

நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்னமும் கூச்சமாக இருக்கிறது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். ''ஊர்ல எத்தனையோ பேரு பறக்க விடறான். உனக்கு ஒரு உருப்படியான பையனைப் பிடிக்கத் தெரியலையா?'' என்று காய்ச்சினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சென்னை வானத்தில் இப்போது ட்ரோன் அதிசயம் இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி-யின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித் ஆலோசகராக இருந்தபோது, 2018-ல் ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. 2020 கொரோனாவில் கிருமிநாசினி தெளித்ததும் ட்ரோன்தான். கால்வாய்களில் கொசு மருந்து அடிக்க கார்ப்பரேஷன் ட்ரோன் விட்டது. 2023 ஜூனில் அடையாறில் போலீஸுக்கே தனி ட்ரோன் பிரிவு வந்துவிட்டது. அறுபத்து மூவர் கூட்டத்தில் நிற்கும்போது நாம் மேலே பார்த்துக் கை ஆட்டுகிறோம். அது விழாமல் இருக்க, எங்கேயோ ஒருவன் முந்தின ராத்திரி தூங்காமல் பாட்டரியைச் சோதித்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பின்போது தம்பி பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஏறி, தண்ணீர்த் தொட்டி மேல் நின்று கையாலேயே எடுத்தான். ஞாயிறு விடியற்காலை, சிவந்த கண்ணோடு, அறுத்த வயலில் ட்ரோனை வைத்தான். அப்டேட்டில் ஏதாவது பழைய நிலைக்கு மாறியிருக்கும் என்று திரும்பி வரும் உயரம் முதல் எல்லாவற்றையும் சரிபார்த்தான். முதலில் முகத்தளவு உயரத்தில் இரண்டு நிமிஷம் சும்மா நிறுத்திப் பார்த்தான். அப்புறம்தான் மேலே. நாற்பது சதவிகிதம் வந்ததும் இறக்கிவிட்டான். பாதி தண்ணீர், பாதி புல்லாகக் கிடந்த ஏரி, பனி, நடுவில் வாழைமரம் கட்டிய பந்தல். ஆல்பத்தின் முதல் பக்கம் இப்போது அதுதான். பெரியம்மாவுக்கு மட்டும், 'அதுல நான் எங்கடா இருக்கேன்?' என்று குறை.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அலமாரிக்குக் கீழே இன்வெர்ட்டர் கண்ணில் பட்டது. நாலு பச்சை விளக்கு. அஞ்சு வருஷமாக அதே நாலு பச்சை. அம்மாவுக்கு வீசிங். கரன்ட் போனால் நெபுலைசர் ஓடுவது அதில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரன்ட் இல்லை. அன்றைக்குச் சமாளித்த தைரியத்தில், 'மூணு மணி நேரம் தாங்கும்' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய் மெயினை அணைத்தேன். ''பைத்தியமா உங்களுக்கு?'' என்றாள் மனைவி. இரண்டு ஃபேன், மூன்று விளக்கு. நாற்பத்தெட்டாவது நிமிஷம் கீங் கீங் என்று கத்திவிட்டுப் படுத்துவிட்டது. அதுவரைக்கும் நாலு பச்சை!

அன்று சாயங்காலமே புது பாட்டரி வந்தது. அதன் மேல் மார்க்கரால் தேதி எழுதினேன். அப்படியே சித்திரக்குளம் போய், அந்த நாலாயிரத்தைத் தம்பியின் மேஜையில் வைத்தேன். ''வேணாம் சார், அது எடுக்காத வேலைக்கு'' என்றான். எடுக்காததற்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை ஆரம்பிப்பதற்குள் ஒரு நாள் உங்கள் வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் பாட்டரியை அடியோடு வடியவிடாதீர்கள், அதற்கு ஆகாது. அடிக்கடியும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை, கையில் கடிகாரத்தோடு.

சீரியல் நேரமாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.